குரல் குழுமத்துக்குச் சொந்தம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை. சம்பளம் வழக்கம்போல வரும் என்று அபிநந்தன் சொன்னார். அவர் குழுமத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. சென்னைக்காரர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரை அரசாங்கம் நாற்பது வருஷக் குத்தகைக்குக் குழுமத்திடம் கொடுத்த பிறகு இங்கே நகராட்சி இல்லை, கவுன்சிலர் இல்லை, தேர்தலும் இல்லை. அதற்குப் பதிலாகத் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி இருக்கிறது. அதில் வருவது என் குரல். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும், காய்ச்சல் முகாம் எங்கே என்பதெல்லாம் நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

"நீங்க இதுவரைக்கும் பேசினதே போதும் மேடம்," என்றார் அபிநந்தன். "இனிமே நாங்க எழுதிக் கொடுத்தா மெஷினே உங்க குரல்ல பேசிடும். ஒரே ஒரு விஷயம். வெளியிடத்துல நீங்க பேச வேண்டாம். ஜனங்க குழம்பிடக் கூடாது இல்லையா? குரல் இப்ப குழுமத்தோட சொத்து."

"வீட்டுல?"

"தாராளமா பேசலாம். கதவைச் சாத்திக்கிட்டா போதும்."

குழுமம் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பேச்சு குறைந்தால் எழுதலாமே என்று எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உங்கள் நலமே எங்கள் தொழில்' என்று அச்சடித்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் நயினார் குழுமத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். "நல்லதாப் போச்சு. தொண்டைக்கு ஓய்வு," என்றார்.

மார்ச் 5, வியாழன்

கடையில் முருங்கைக்காயை விரலால் காட்டி வாங்கினேன். "தொண்டை கட்டிட்டா யக்கா?" என்று கடைக்கார சந்தியாகு கேட்டார். தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கியில் நான் கொசு மருந்து அடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தியாகு மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூடவே வைத்தார்.

மார்ச் 8, ஞாயிறு

மதினி வீட்டுக்குப் போனோம். பிரமு மதினி இவருக்கு உடன்பிறந்த அக்கா. வடக்குத் தெருவில் கடலைப் பார்த்த வீடு. மதினியின் வீட்டுக்காரர் சேர்மதுரை அண்ணாச்சி ஹார்பரில் மூட்டை தூக்கியவர். இடுப்பு எலும்பு விலகிய பிறகு கட்டிலோடு இருக்கிறார். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

குழுமத்துக்குப் படகுத்துறை கட்ட வடக்குத் தெரு வேண்டுமாம். எல்லோருக்கும் போனில் கருத்துக் கேட்பு வந்திருக்கிறது. 'உங்கள் புதிய வீட்டை எப்போது பெற விரும்புகிறீர்கள்?' என்று கேள்வி. 'இந்த மாதம்' என்று ஒரு பொத்தான், 'அடுத்த மாதம்' என்று ஒரு பொத்தான்.

"வேண்டாம்ங்குற பொத்தான் எங்கவே இருக்கு?" என்று அண்ணாச்சி இவரிடம் போனை நீட்டினார். "உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லும்."

இவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்டேட்டுல வரும் மச்சான்," என்றார்.

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. மதினி நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நானும் நிறையப் பேசினேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் ஊருக்கு வணக்கம் சொன்னேன். அப்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

இதுவரை மெஷின் சொன்னதெல்லாம் நான் எப்போதாவது சொன்னதுதான். இன்று சொன்னது நான் எப்போதும் சொல்லாதது. 'வடக்குத் தெரு மக்கள் இடம்பெயர மனமுவந்து ஒப்புக்கொண்டுள்ளனர். அவர்களுக்குக் குழுமத்தின் நன்றி.' மனமுவந்து என்பதற்கு முன்னால் மெஷின் லேசாக மூச்சு எடுத்துக்கொண்டது. நான் அப்படித்தான் எடுப்பேன். அதற்கு எதற்கு மூச்சு என்று தெரியவில்லை.

அபிநந்தனுக்குப் போன் செய்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

"யாரும் ஒப்புக்கலையே சார்."

"ஒப்புக்குவாங்க மேடம். நாம கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான்."

இவரிடம் சொன்னேன். "நீயா சொன்ன?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்தார். வெகு நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார்.

மார்ச் 20, வெள்ளி

நாளை வடக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் கல்யாண மண்டபத்துக்கு வர வேண்டும், புது வீட்டுச் சாவி தரப்படும், மதியச் சாப்பாடு உண்டு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பால் பூத்தில் மதினியைப் பார்த்தேன். வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி கனி, போகலாமாட்டி? ஒங்க அண்ணாச்சி வேண்டாங்காவ. ஒருத்தரும் போகக் கூடாதுங்காவ. எங்க கனி சொல்லுதா, அவ பொய் சொல்ல மாட்டான்னு நான் சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். தெருவே என் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. போகலாம்லா?"

பூத்துக்குப் பக்கத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். குழுமத்தின் ஒழுங்குப் பணியாளர்களுக்கு நீலச் சட்டை. அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. கடலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

தலையை ஆட்டினேன்.

சாவி கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நினைத்தேன் என்றே எழுதுகிறேன்.

மார்ச் 21, சனி

மாடியில் வற்றல் காயப் போட்டேன். நல்ல வெயில். பதினொரு மணி வாக்கில் வடக்கே தூசி எழும்பியது. லாரி போகிறது என்று நினைத்தேன். தூசி அடங்கவே இல்லை. சத்தமும் வந்தது.

'வடக்குத் தெருவில் ஒருவரும் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. பாதுகாப்பான முறையில் பணிகள் நடைபெறுகின்றன' என்று சொன்னேன். ரொம்பக் கனிவான குரல். காய்ச்சல் முகாமுக்கு நான் வைத்துக்கொள்கிற குரல் அது.

பிறகு கேள்விப்பட்டது: மண்டபத்தில் பந்தி நடக்கும்போது கதவை வெளியே பூட்டியிருக்கிறார்கள். கேசரி நன்றாக இருந்ததாம். மதியம் பஸ் வந்து எல்லோரையும் உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அண்ணாச்சி மண்டபத்துக்குப் போகவில்லை.

வற்றல் முழுக்க மண். வற்றலைக் கழுவ முடியாது. கொட்டிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மதினியின் போன் அணைந்து கிடக்கிறது. இவர் வடக்குத் தெருவைப் பார்க்கப் போனார். தகர வேலி போட்டிருக்கிறார்களாம். உள்ளே விடவில்லை. ஸ்டோர்ஸ் அடையாள அட்டையைக் காட்டினாராம். 'அப்படின்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே சார்' என்றார்களாம். வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

மார்ச் 25, புதன்

மதியம் சாப்பிட வந்தவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பேசினேன். 'வடக்குத் தெருவில் வசித்த திரு. சேர்மதுரை தமது சொந்த விருப்பத்தின் பேரில் வெளியூர் சென்றுவிட்டார். அவரைப் பற்றி வதந்தி பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

இவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். குழம்பில் உப்பு இல்லையா என்று கேட்டேன். இருக்கு என்றார். கை கழுவப் போனவர் குழாயை மூடாமல் அப்படியே நின்றார். நான் போய் மூடினேன்.

மார்ச் 29, ஞாயிறு

அனுமதி கிடைத்து உப்பளத்துக்குப் போனோம். புது வீடு என்பது தகரக் கொட்டகை. வரிசை வரிசையாக வெள்ளையடித்திருக்கிறார்கள். உப்பின் வெள்ளையும் தகரத்தின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைத் திறக்க முடியவில்லை.

மதினி கொட்டகைக்கு வெளியே நின்றாள். இவரைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"எந்த ஊருக்குட்டி போயிருக்காவ?"

நான் இவரைப் பார்த்தேன்.

"இடுப்பு ஒடிஞ்ச மனுசன். தெரு முனைக்கே என் தோளப் புடிச்சுத்தான் வருவாவ. நீ சொல்லுதே, வெளியூர் போயிட்டாவன்னு. எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"யக்கா, அது இவ சொல்லலக்கா," என்றார் இவர். "மெசினு."

"மெசினுக்கு எந்தம்பி பொண்டாட்டி கொரலு எங்கருந்துல வந்துச்சு?"

கொட்டகை மூலையில் ஒரு நீலச் சட்டை. அது வெளியிடம். நான் பேசவில்லை.

மதினி கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 1, புதன்

குழுமத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அபிநந்தன் அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"சேர்மதுரை அண்ணாச்சி எங்க சார்?"

கம்ப்யூட்டரில் தேடினார். உண்மையாகவே தேடினார். "அப்படி ஒருத்தர் இருந்ததாவே பதிவு இல்ல மேடம்."

"அப்ப வெளியூர் போனது யாரு?"

அபிநந்தன் கொஞ்சம் யோசித்தார். "நல்ல கேள்வி," என்றார். எனக்குக் காப்பி சொன்னார். அவருக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "உங்களுக்குன்னு சொல்றேன். இந்த மாசம் உங்க அறிவிப்பு கொஞ்சம் அதிகமா வரும். தெற்குத் தெருவுக்கும் வீடு ரெடியாகுது."

ஏப்ரல் 5, ஞாயிறு

கதவைச் சாத்திவிட்டுச் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். குரல் கரகரக்கிறது. பேசாமல் இருந்ததில் துருப்பிடித்துவிட்டது போலிருக்கிறது.

"யாருகிட்டட்டி பேசுதே?" என்று இவர் எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்டயும் இல்ல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இந்த வீடு குழுமத்தோடது. எஞ் சம்பளம் குழுமத்தோடது. அது ஞாபகம் இருக்கட்டும்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த மனுசன் எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாவ," என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 8, புதன்

நாளை தெற்குத் தெருக்காரர்கள் எல்லோரும் கல்யாண மண்டபத்துக்கு வர வேண்டும். சாவி தரப்படும். சாப்பாடு உண்டு. நான்தான் சொன்னேன். நாள் முழுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இதைச் சுருக்கமாக எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒரு நீலச் சட்டைக்காரர் பேனாவும் இந்த டைரியும் கொடுத்து, நடந்ததை நானே எழுதினால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இதை யார் எடுத்து வந்தார்கள் என்று சொல்லவில்லை. எழுதுகிறேன்.

காலையில் தோசை சுட்டு வைத்துவிட்டுப் புடவை மாற்றினேன். இவர் வாசலில் நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். "செருப்பு போட்டுக்கிட்டுப் போ. ரோடு சுடும்," என்றார்.

தெற்குத் தெருவில் ஜனங்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். சில வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மேலே ஒலிபெருக்கி, 'அன்பார்ந்த தெற்குத் தெரு மக்களே' என்றது.

நானும் அதன் கீழே நின்று, "அன்பார்ந்த தெற்குத் தெரு மக்களே, தயவுசெய்து மண்டபத்துக்குச் செல்ல வேண்டாம்," என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு கிழவர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோளாறு போலிருக்கு," என்று சொல்லி நடந்தார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் எப்படி வந்ததென்று தெரியாது, எங்கள் வீட்டு அடுக்களையில் கத்துகிற மாதிரி கத்தினேன்.

"ஏய், போகாதிய! நான் செல்வக்கனி. நயினார் பொண்டாட்டி. மேல பேசுதது நான் இல்ல, மெசினு! மண்டவத்துல பூட்டி வச்சுட்டு வீட்ட இடிச்சுருவானுவ. வடக்குத் தெருவ அப்படித்தான் இடிச்சானுவ. சேர்மதுர அண்ணாச்சி எங்கயும் போகல. வீட்டுக்குள்ளதான் இருந்தாவ. கட்டில்ல இருந்தாவ!"

தெரு நின்றது. பாதி பின்னிய தலையோடு ஒருத்தி வந்தாள். லூர்து என்று பேர், பனங்கிழங்கு விற்கிறவள்.

"அப்ப மேல யாரு?"

"யாரும் இல்ல."

"நீ யாருன்னு நாங்க எப்படி நம்புதது?"

"தொட்டுப் பாரு."

தொடவில்லை, கையில் கிள்ளினாள். நன்றாகக் கிள்ளினாள். "யம்மா!" என்று கத்தினேன். மேலே ஒலிபெருக்கி கனிவாகச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. லூர்து அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெருவைப் பார்த்துத் திரும்பி, "பூட்டத் திறங்கட்டி," என்றாள்.

அவர்கள் ஒன்றும் கோஷம் போடவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். சிலர் அடுப்பு பற்றவைத்தார்கள். இடிக்கிற இயந்திரங்கள் வந்தபோது ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் இருந்தது. வண்டியை ஓட்டி வந்தவன் இறங்கி, பீடி பற்றவைத்து, பிறகு அதை அணைத்துவிட்டு, மறுபடி ஏறவில்லை.

என்னை வேனில் ஏற்றினார்கள். போகிற வழியெல்லாம் பேசினேன். எதைப் பற்றி என்று நினைவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

இந்த இடத்துக்கு ஓய்வில்லம் என்று பேர். ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. புது வருஷம் என்று மதியம் பாயசம் கொடுத்தார்கள்.

அபிநந்தன் வந்தார். உடம்பு சரியில்லாமல் உளறிவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒரு முறை பேசிப் பதிந்து கொடுத்தால் வீட்டுக்குப் போகலாமாம். நான் பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில், 'குரல் குழுமத்தின் சொத்து. நான் எப்படிப் பேசுவது?' என்று எழுதிக் காட்டினேன்.

படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்ததற்காகவே பயந்துபோய்க் கதவைப் பார்த்தார். "என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க மேடம்," என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நான் ஊரிடம் மன்னிப்புக் கேட்டேன். உயரத்து ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

விட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. வாசலில் இவர் நின்றார். கூடவே லூர்து.

"நீ மன்னிப்புக் கேட்டத கேட்டோம்," என்றாள் லூர்து. "அம்புட்டுச் சுத்தமான தமிழு. அதான் நீ இல்லன்னு தெரிஞ்சுது. தெருவே சிரிச்சுக் கெடந்துச்சு."

இவருக்கு ஸ்டோர்ஸ் வேலை போய்விட்டது. வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். சாமான்கள் உப்பளத்துக் கொட்டகையில் இருக்கின்றன, மதினி வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை. கிரைண்டரைத் தூக்கி வைத்தது மதினிதானாம். என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 22, புதன்

தெற்குத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். உப்பளத்திலிருந்து நாங்கள் போனோம். தகர வேலிக்கு முன்னால் நீலச் சட்டைகள் நின்றார்கள். இவ்வளவு பேரைப் பார்த்ததும் மேலிடத்துக்குப் போன் செய்தார்கள். மேலிடம் எடுக்கவில்லை போலிருக்கிறது. விலகி நின்றார்கள்.

எந்த வீடு எங்கே இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒரே கல்லும் மண்ணும். மதினி கடலைப் பார்த்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்தாள். "இங்க தோண்டுங்க," என்றாள்.

அண்ணாச்சி கட்டிலில்தான் இருந்தார்.

நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க, ஊர் நடுவே தூக்கிக்கொண்டு போனோம். ஒலிபெருக்கி அன்று ஒன்றும் சொல்லவில்லை. இவர்தான் கொள்ளி வைத்தார். திரும்பும் வழியில் மதினியின் பக்கத்தில் போய், "அன்னைக்குப் பால் பூத்துல நான் தலையாட்டுனது தப்பு மதினி. எனக்குப் பயம்," என்றேன். அது வெளியிடம்தான். மதினி நடந்துகொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 27, திங்கள்

படகுத்துறை வேலை தற்காலிகமாக நிறுத்தம். இது தற்காலிகம்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். தெற்குத் தெரு இருக்கிறது. வடக்குத் தெரு இல்லை. இவர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறார். முதல் நாள் ஷூ போட்டுக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து போடவில்லை.

மே 1, வெள்ளி

ஒலிபெருக்கியில் குரலை மாற்றிவிட்டார்கள். இப்போது ஓர் ஆண் குரல். யாருடையதோ, எந்த ஊர்க்காரரோ. நல்ல குரல்தான். அவரையும் எங்காவது பேசாமல் இருக்கச் சொல்லியிருப்பார்கள்.

காலையில் அந்தக் குரல், உப்பளக் குடியிருப்புக்கு இன்று தண்ணீர் லாரி வரும் என்றது. நான் கொட்டகை வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மதினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"ஏட்டி கனி, தண்ணி வருமா?"

அரிசியிலிருந்து கையை எடுத்தேன். "தெரியல மதினி."

குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "சரி, அந்தக் குடத்த எடு. போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன்.